இரந்து எழுப்பிய கலைக்கோயில்கள்

இம்மலருக்கு வரலாற்றுக் கட்டுரையொன்று வேண்டுமென்று மலர்க்குழுவினர் கேட்ட நாளில், என் மேசை இழுப்பறையில் ஒரு ரசீதுப் புத்தகம் கிடந்தது. சில ஆண்டுகளுக்கு முன், நான் செயற்குழுவில் இருக்கும் தமிழ் அமைப்பொன்று அரங்கம் ஒன்று கட்டுவதெனத் தீர்மானித்து, குழு உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஐம்பது தாள்கள் கொண்ட புத்தகம் ஒன்றை வழங்கியது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது, கைதட்டலும் இருந்தது. மூன்று மாதம் கழிந்து கணக்குக் கேட்டபோது, பத்தொன்பது உறுப்பினர்களுள் பதினொருவர் தம் புத்தகங்களைத் தாள் கசங்காமல் திருப்பித் தந்தனர். நான் அதைத் திருப்பித் தரவும் நாணி, இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டேன். கணக்கில் ஏற்றப்பட்ட ரசீதுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாளாவிருப்பது எங்கள் அலுவலகத்தில் நடந்திருந்தால், தணிக்கைக் குறிப்பு எழுந்து, விளக்கம் கேட்டுக் குறிப்பாணையும் வந்திருக்கும்.

ஏன் வாளாவிருந்தேன் என்று என்னையே கேட்டுப் பார்த்ததுண்டு. நேரமில்லை என்று பிறரிடம் சொன்னேன். மாநகரப் பேருந்திலும் மெட்ரோவிலும் நாள்தோறும் மூன்று மணி நேரம் கழிக்கும் எழுத்தன் அவ்வாறு சொன்னால் யாரும் மறுக்கமாட்டார்கள். உண்மைக் காரணம் நாணம். பிறர் வாசலில் நின்று கேட்பதா என்ற நாணம். வள்ளுவப் பெருந்தகை ‘இரவு’ என்று ஓர் அதிகாரமும், அதன் பின்னேயே ‘இரவச்சம்’ என்று மற்றோர் அதிகாரமும் வகுத்திருக்கிறார். கேட்பதற்கு ஒரு முறை உண்டு என்பதையும், கேட்கும்போது உள்ளம் கூசும் என்பதையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டிய அப்பெரியார், பொதுப்பணிக்காகப் பிறரிடம் கேட்பவனை எந்த அதிகாரத்தில் வைத்திருப்பார் என்று பலமுறை எண்ணியிருக்கிறேன். வரலாற்றில் தேடினால், இந்த நாணத்தை வென்றவர்கள் பலர் கிடைக்கிறார்கள். அவர்களெல்லாம் வறியவர்களல்லர், பெரும் வழக்கறிஞர்களும், பேராசிரியர்களும், ஏன், ஒரு மகாராசாவும் அவர்களுள் உண்டு. அவர்களுள் சிலரைப் பற்றியே இக்கட்டுரை.

முதலில் புணே நகரத்துக்குச் செல்வோம். 1880-ஆம் ஆண்டு சனவரியில் விஷ்ணு சாஸ்திரி சிப்ளூண்கர் என்னும் மராத்தி எழுத்தாளர், பாலகங்காதர திலகர் முதலான இளைஞர்களைத் துணைக்கொண்டு அங்கே நியூ இங்கிலீஷ் ஸ்கூல் என்னும் பள்ளியைத் தொடங்கினார். கோபால கணேச அகர்க்கரும் விரைவில் உடன் சேர்ந்தார். அரசுப் பணியை நாடாமல், குறைந்த ஊதியத்தில் சொந்த நாட்டுப் பிள்ளைகளுக்குக் கல்வி தருவதென்பது அவர்கள் கொண்ட உறுதி. சிப்ளூண்கர் 1882-இல் மறைந்தார். 1884-இல் டெக்கான் கல்விச் சங்கம் நிறுவப்பெற்றது. அடுத்த ஆண்டு சனவரியில் பெர்குசன் கல்லூரி பிறந்தது.

இந்தச் சங்கத்தின் அமைப்புமுறை நம்மவர் கருதிப் பார்க்கத்தக்கது. ஆயுள் உறுப்பினர்கள் என்று ஒரு குழு இருந்தது. அவர்களே ஆசிரியர்கள், அவர்களே நிர்வாகிகள். இருபது ஆண்டுகள் பணியாற்றுவதாக ஒவ்வொருவரும் உறுதிமொழி தரவேண்டும். மாத ஊதியம் 75 ரூபாய். உறுதிமொழிக் காலம் முடிந்தபின் ஓய்வூதியம் 30 ரூபாய். பட்டம் பெற்ற இந்தியர்க்கு அரசுப் பதவியும் வழக்கறிஞர் தொழிலும் பொருள் தந்த காலம் அது. அந்நிலையில் 75 ரூபாய்க்குத் தம் இளமையை எழுதிக் கொடுத்தவர்கள் இவர்கள். இதனோடு விட்டதா? கட்டட நிதி திரட்டும் பொறுப்பும் அவர்கள் தலையிலேயே விழுந்தது. மாதவராவ் நாம்ஜோஷி என்னும் உறுப்பினர் தென் மராட்டிய நாட்டுச் சிற்றரசர்களைக் கண்டு ஆதரவு திரட்டுவதில் வல்லவர். கோபாலகிருஷ்ண கோகலே, ஆண்டு முழுவதும் வகுப்பறையில் நின்று பேசிவிட்டு, விடுமுறை வந்தால் ஊர் ஊராகப் போய்க் கல்லூரிக்கு நிதி கேட்டார். எப்பாடத்தையும் நடத்தத் தயங்காதவராதலால் அவரை ‘கேட்டபடி கிடைக்கும் பேராசிரியர்’ என்று நண்பர்கள் கேலி பேசினர். வகுப்பில் எது கேட்டாலும் கொடுத்தவர், விடுமுறையில் தாமே கேட்கப் புறப்பட்டார் என்று நாம் சேர்த்துக்கொள்ளலாம்.

பிற்காலத்தில் இந்திய நாட்டின் வரவு செலவுத் திட்டத்தைச் சட்டமன்றத்தில் அலசிய கோகலேயின் உரைகளைப் புகழாதார் இல்லை. அவ்வுரைகளைப் படிக்குந்தோறும் எனக்கு ஒன்று தோன்றும். ஒரு வணிகர் ஒரு ரூபாயை எடுத்துத் தருவதற்குமுன் எத்தனை கேள்வி கேட்பார் என்பதை வாசலில் நின்று அறிந்தவர்க்கு, அரசு ஒரு கோடியைச் செலவிடும்போது என்ன கேள்வி கேட்க வேண்டுமென்று தெரியாமலா போகும்? இது என் ஊகமே. ஆயினும் அலுவலகத்தில் நாள்தோறும் பிறர் பணத்துக்குக் குறிப்பு எழுதும் எனக்கு இவ்வூகம் பிடித்திருக்கிறது.

இந்தக் குழுவிலும் பூசல் மூண்டது. மூண்ட பூசல் சிறியதன்று. திலகரே 1890-இல் சங்கத்தை விட்டு விலகினார். கருத்து வேறுபாடுகள் பல இருந்தன. அவற்றுள் ஒன்று நம் பொருளுக்கு மிகவும் நெருங்கியது. ஆயுள் உறுப்பினர் என்பவர் தம் முழு நேரத்தையும் முழு உழைப்பையும் சங்கத்துக்கே தரவேண்டும், வேறு பணியையோ வேறு வருவாயையோ நாடலாகாது என்பது திலகரின் கட்சி. உறுதிமொழி தந்த நேரம் போக எஞ்சிய நேரம் உறுப்பினருக்குச் சொந்தம் என்பது மற்றவர்களின் கட்சி. கோகலே சார்வசனிக சபையின் செயலாளர் பொறுப்பை ஏற்றது இந்தப் பூசலை முற்றவைத்தது. நிறுவியவர்களுள் ஒருவரே, தாம் நட்ட மரத்தின் நிழலை விட்டுப் போனார்.

இதில் யார் பக்கம் நீதி என்று நான் பல நாள் தடுமாறியதுண்டு. திலகரின் அளவுகோலைப் பிடித்தால் நம் சங்கங்கள் எவற்றிலும் செயற்குழு இராது. வீடும் அலுவலகமும் போக எஞ்சிய ஞாயிற்றுக்கிழமையைத்தானே நாம் தருகிறோம்! எனவே மற்றவர்கள் கட்சியையே நானும் சேர்கிறேன். ஆயினும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். உறுப்பினர் சங்கத்துக்கு என்ன கடன்பட்டிருக்கிறார் என்ற கேள்வியை அவர்கள் வாய்விட்டுக் கேட்டார்கள். அதற்காகச் சண்டையும் போட்டார்கள். நாம் அக்கேள்வியைக் கேட்பதேயில்லை. உறுப்பினர் பட்டியலை அச்சிடுவதோடு நம் கடமை முடிந்துவிடுகிறது.

திலகர் விலகியதால் கணிதப் பாடத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. கோகலே தம் நண்பர் தோண்டோ கேசவ கார்வேயை அழைத்தார். 1891-இல் அவர் பெர்குசன் கல்லூரிக்கு வந்தார். 1896-இல் கைம்பெண்களுக்கு ஓர் இல்லம் தொடங்கினார். அது பின்னர்ப் புணேக்கு வெளியே ஹிங்கணே என்னும் சிற்றூருக்கு மாறியது. கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு மாலையில் அச்சிற்றூருக்கு நடந்து போவதும், வழியில் கண்டவரிடம் இல்லத்துக்காகக் கேட்பதும் அவர் வழக்கமாயின. 1916-இல் பெண்களுக்கென்று ஒரு பல்கலைக்கழகத்தையே நிறுவினார். 1920-இல் பம்பாய் ஆலை அதிபர் விட்டல்தாஸ் தாக்கர்சி 15 இலட்சம் ரூபாய் நன்கொடை அறிவிக்க, அவருடைய அன்னையார் பெயரால் அது இன்றளவும் விளங்குகிறது. அப்பெருந்தொகை வந்ததும் கார்வே ஓய்ந்துவிட்டாரா? இல்லை. 1936-இல், எழுபத்தெட்டாம் வயதில், சிற்றூர்களில் தொடக்கப்பள்ளி வைப்பதற்கென்று ஒரு சங்கம் கண்டு, மீண்டும் காசு காசாகக் கேட்கப் புறப்பட்டார். 1958-இல் நூறாண்டு நிறைந்த அப்பெரியாருக்குப் பாரத ரத்னா வழங்கப்பெற்றது.

இனிக் காசிக்கு வருவோம். பணியின் பொருட்டு அந்நகரில் சில காலம் தங்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. பல்கலைக்கழகத்தின் பெருவாயிலுக்கு முன்னுள்ள இடத்துக்கு ‘லங்கா’ என்று பெயர். ரிக்‌ஷாக்காரர் “லங்கா, லங்கா” என்று கூவக் கேட்ட தமிழனுக்கு, இராமேசுவரத்துக்கு அப்பால் இருக்கவேண்டியது இங்கு எப்படி வந்தது என்ற திகைப்பு வரும். இராமலீலையோடு தொடர்புடைய பெயர் அது என்பர். வாயிலைக் கடந்து உள்ளே சென்றால், அரைவட்டமாக விரிந்த சாலைகளும், மாமரங்களும், கோபுர முகப்புக் கொண்ட கட்டடங்களும் கண்ணுக்கெட்டிய தூரம் தெரியும். ஏறத்தாழ 1,300 ஏக்கர் நிலம். கொடுத்தவர் காசி மன்னர் பிரபு நாராயண சிங். நிலம் ஒருவர் கொடுத்தது. அதன்மேல் எழுந்தவை பலரிடம் இரந்து பெற்றவை.

காசியில் ஓர் இந்துப் பல்கலைக்கழகம் வேண்டும் என்ற எண்ணம் பண்டித மதன்மோகன் மாளவியாவுக்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே உண்டாயிற்று. 1905-இல் காசியில் காங்கிரசு மகாசபை கூடியபோது திட்டத்தை அறிஞர்கள்முன் வைத்தார். 1906 சனவரியில் பிரயாகைக் கும்பமேளாவில் கூடிய சனாதன தரும மகாசபையும் ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்டதோடு சரி. ஐந்தாண்டுகள் தீர்மானம் தாளிலேயே இருந்தது. நம் அரங்கத் தீர்மானத்தைப் போலவே என்று சொல்லத் தோன்றுகிறது.

அதற்குள் அதே நகரில் வேறு இரு திட்டங்களும் எழுந்திருந்தன. அன்னி பெசன்ட் அம்மையார் 1898-இல் காசியில் மத்திய இந்துக் கல்லூரியை நிறுவி நடத்திவந்தார். அதனை விரித்து இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று காண அரச சாசனம் வேண்டினார். தர்பங்கா மகாராசா இராமேசுவர சிங், பாரத தரும மகாமண்டலத்தின் சார்பில் சாரதா விசுவவித்தியாலயம் என்றொரு திட்டம் வைத்திருந்தார். ஒரே ஊர், ஒரே நோக்கம், மூன்று குழுக்கள், கொடுக்கக்கூடிய கைகளோ அவையே. வெளிநகரத் தமிழர்க்கு இந்நிலை புதிதன்று. ஒரு நகரில் இரண்டு தமிழ் அமைப்புகள் இருந்தால், ஒரே கடைக்காரரிடம் ஒரே வாரத்தில் இருவரும் போய் நிற்பதும், அவர் இருவரையும் “முதலில் நீங்கள் ஒன்றாகி வாருங்கள்” என்று அனுப்பிவிடுவதும் நாம் காணாததா?

காசியில் அவர்கள் ஒன்றானார்கள். 1911-இல் முதலில் பெசன்ட் அம்மையாரும் மாளவியாவும் உடன்பாடு கண்டனர். அவ்வாண்டிறுதிக்குள் தர்பங்கா மகாராசாவும் சேர்ந்தார். நவம்பரில் இந்துப் பல்கலைக்கழகச் சங்கம் அமைந்து, திசம்பரில் பதிவு பெற்றது. மகாராசா தலைவர். அலகாபாத்தின் புகழ்பெற்ற வழக்கறிஞர் சுந்தர்லால் செயலாளர். சமயக் கொள்கையில் இவர்கள் ஒத்தவர்களல்லர். பெசன்ட் அம்மையாரின் பிரும்மஞானம் பழமை போற்றும் பண்டிதர்களுக்குக் கசந்தது. ஆயினும் கணக்குப் புத்தகம் ஒன்றே என்பதில் உறுதியாக நின்றார்கள்.

இக்குழு வேலையைப் பகிர்ந்துகொண்ட வகை வியப்புக்குரியது. மாளவியா பேசுவார், இந்தியிலும் ஆங்கிலத்திலும் வடமொழியிலும் கேட்டாரைப் பிணிக்கும் நாவன்மை அவருக்கு உண்டு. மகாராசா கூட்டத்துக்குத் தலைமை தாங்குவார். அவர் மேடையில் அமர்ந்திருப்பதே ஒரு பேச்சுக்கு நிகர். ஏனெனில் அவர் தம் பங்காக 5 இலட்சம் ரூபாய் எழுதிவிட்டார் என்பது அவையிலிருக்கும் செல்வர் அனைவரும் அறிந்த செய்தி. சுந்தர்லால் அரசோடு கடிதப் போக்குவரத்தையும் சட்ட நுணுக்கங்களையும் கவனித்துக்கொண்டார். பெசன்ட் அம்மையார், ஆண்டுக்கணக்கில் வளர்த்த தம் கல்லூரியையே புதிய பல்கலைக்கழகத்தின் கருவாகத் தந்தார். ஒவ்வொருவரும் தம்மிடம் எது இருந்ததோ அதனை முதலில் வைத்தார்கள். மாளவியாவிடம் இருந்தது என்ன? அலகாபாத் உயர்நீதிமன்றத்தில் ஓங்கி வளர்ந்துகொண்டிருந்த வழக்கறிஞர் தொழில். அதனை விட்டார். ஐம்பது வயதை எட்டும்போது, பெரிய குடும்பத்தைத் தாங்கும் ஒருவர் வருவாயை விடுவது இலட்ச ரூபாய் எழுதுவதற்குக் குறைந்த கொடையாகாது.

பிறகு தூதுக்குழுவாகப் புறப்பட்டார்கள். கல்கத்தாவிலும் இலாகூரிலும் வேறு பல நகரங்களிலும் கூட்டங்கள். சமத்தானம் சமத்தானமாகச் சந்திப்புகள். மாளவியா குறித்த இலக்கு ஒரு கோடி. அரசு வைத்த நிபந்தனை அரைக் கோடி. கல்வித் துறையைக் கவனித்த ஹார்கோர்ட் பட்லர், 50 இலட்சம் சேர்ந்தாலன்றிப் பல்கலைக்கழகச் சட்டம் வாராது என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். இந்நிபந்தனையை அக்காலத்தில் சிலர் இடையூறாகக் கருதினர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. கெடுவும் தொகையும் இல்லாத வேண்டுகோள், இறுதி நாள் குறிக்காத கோப்பைப் போன்றது. அது மேசையிலிருந்து மேசைக்கு நகரும், முடியாது. “50 இலட்சம் வேண்டும், இத்தனை வந்தது, இத்தனை குறைகிறது” என்று சொல்லத்தக்க நிலை வந்தபின்னரே மாளவியாவின் சொல்லுக்கு முனை ஏற்பட்டது. சமத்தானங்கள் ஆண்டுதோறும் தருவதாக வாக்களித்த மானியங்களை முதலாக மதிப்பிட்டு அத்தொகையில் சேர்த்துக்கொள்ளவும் வழி காணப்பட்டது. கணக்கறிந்தவர்கள் குழுவில் இருந்ததன் பயன் அது.

பெரிய தொகைகள் மட்டும் சேரவில்லை. எளிய மக்களும் தந்தார்கள். காந்தியடிகள் மாளவியாவை ‘பிச்சைக்காரர்களின் இளவரசர்’ என்று புகழ்ந்ததாக வழங்கும் சொல் இப்பணியால் வந்த பட்டமே. ஐதராபாத் நிசாம் தம் காலணியைக் கொடுக்க, அதனை மாளவியா ஏலத்தில் விட முனைந்தார் என்று ஒரு கதையும் உலவுகிறது. பள்ளி விழாக்களில் நான் இதனைப் பலமுறை கேட்டிருக்கிறேன். கதை சுவையானதே, ஆனால் இத்தகைய கதைகள் ஒரு தீங்கு செய்கின்றன. நிதி திரட்டுவது யாரோ ஒரு மேதையின் சாமர்த்தியம் என்று நம்மை எண்ண வைத்துவிடுகின்றன. மகாராசாவின் பெயர் இரண்டாம் வரியில் மறைகிறது. சுந்தர்லால் பெயர் வருவதேயில்லை. நான்காண்டுகள் தொடர்வண்டியிலும் தங்கும் விடுதிகளிலும் கடிதக் கட்டுகளிலும் கழிந்த உழைப்பு ஒரு காலணிக்குள் அடங்கிவிடுகிறது.

1915 மார்ச்சு 22-இல் மசோதா மைய சட்டமன்றத்தில் வைக்கப்பட்டு, அக்டோபர் 1-இல் நிறைவேறியது. 50 இலட்சம் நிலைநிதியாக முதலீடு செய்யப்பட்டிருக்க வேண்டும் என்பது சட்டத்திலேயே எழுதப்பட்டது. நன்கொடையாளர்களுக்குப் பேரவையில் இடமும் அளிக்கப்பட்டது. 1916 பிப்ரவரி 4-இல் வைசிராய் ஹார்டிஞ்சு பிரபு அடிக்கல் நாட்டினார்.

இரண்டு நாள் கழித்து நடந்ததைச் சொல்லாமல் இவ்வரலாறு நிறைவுறாது. விழாச் சொற்பொழிவுகளில் ஒன்றாகப் பிப்ரவரி 6-இல் காந்தியடிகள் பேசினார். தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பி ஓராண்டே ஆகியிருந்தது. தலைமை தர்பங்கா மகாராசா. மேடையில் முத்தும் மணியும் பூண்ட அரசர்கள் வீற்றிருந்தனர். அந்த அணிமணிகளைச் சுட்டி, அவற்றைக் களைந்து நாட்டு மக்களுக்கான அறப்பொருளாக வைத்தாலன்றி இந்தியாவுக்கு உய்வில்லை என்ற பொருள்பட அவர் பேசினார். காசி விசுவநாதர் ஆலயத்தைச் சூழ்ந்த வீதிகளின் அழுக்கையும், தொடர்வண்டி மூன்றாம் வகுப்பின் அவலத்தையும் சொன்னார். வெடிகுண்டு இளைஞர்களைப் பற்றி அவர் பேசத் தொடங்கியதும் பெசன்ட் அம்மையார் குறுக்கிட்டு நிறுத்தச் சொன்னார். மாணவர்கள் தொடரச் சொன்னார்கள். அரசர்கள் எழுந்து போனார்கள், தலைவரும் எழுந்தார், கூட்டம் கலைந்தது.

நிதி திரட்டிய குழுவினர் நிலையில் நம்மை வைத்துப் பார்ப்போம். நான்காண்டுகள் கெஞ்சியும் கொஞ்சியும் சேர்த்த புரவலர்கள் ஒரு மாலைப் பொழுதில் மனம் நொந்து எழுந்து போகிறார்கள். பேசியவர் சொன்னதோ மறுக்கவியலாத உண்மை. இதனை வைத்துக் காந்தியடிகளை உயர்த்தி மாளவியாவைத் தாழ்த்துவோர் உண்டு. அவர்களோடு நான் உடன்படவில்லை. அரசரிடம் அணியைக் களையச் சொல்பவரும் வேண்டும். அவ்வரசரிடமே சென்று ஒரு கல்லூரிக்குக் கேட்பவரும் வேண்டும். சொன்னவரும் 1921-இல் திலகர் சுயராச்சிய நிதிக்கு ஒரு கோடி ரூபாய் கேட்டு அதே செல்வர்களின் வாசலுக்குச் சென்றார், சூன் முடிவுக்குள் என்று கெடுவும் வைத்தார், தொகையும் சேர்ந்தது. மாளவியாவோ புரவலர்கள் போனதற்காகக் கடையைக் கட்டவில்லை. 1919 முதல் 1938 வரை துணைவேந்தராக இருந்து, தொடர்ந்து கேட்டுக்கொண்டேயிருந்தார்.

தமிழர் பெருமைப்படத்தக்க செய்தியொன்று இங்கே உண்டு. முதல் துணைவேந்தர் சுந்தர்லாலுக்குப்பின், மாளவியாவுக்குமுன், 1918-இலிருந்து 1919 வரை அப்பொறுப்பை வகித்தவர் பி. எசு. சிவசாமி ஐயர். தஞ்சை மாவட்டத்துக்காரர், சென்னையில் வழக்கறிஞர். திருக்காட்டுப்பள்ளியிலும் மயிலாப்பூரிலும் அவர் பேணி வளர்த்த பள்ளிகள் இன்றும் அவர் பெயரையும் அவருடைய துணைவியார் பெயரையும் தாங்கி நிற்கின்றன. மக்கட்பேறற்ற அவர் தம் செல்வத்தைப் பள்ளிகளுக்கே ஆக்கினார். புணேயில் கோகலே 1905-இல் கண்ட இந்திய ஊழியர் சங்கத்தையும், அவர் மறைந்தபின் 1915-இல் தலைமையேற்று நடத்தியவர் ஒரு தமிழரே: வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார். பிறர் ஊரில் பிறர் தொடங்கிய பணியைத் தாங்கிப் பிடிக்கத் தமிழர் அழைக்கப்பெற்றார்கள். நம் அரங்கத்துக்கு நாமே ஆளில்லை என்றால் என்ன சொல்வது?

தலைநகரவாசிகளுக்கு இன்னொரு நிகழ்ச்சியையும் நினைவூட்ட விரும்புகிறேன். 1936 மார்ச்சில் கவியரசர் தாகூர், ‘சித்திராங்கதா’ நாட்டிய நாடகக் குழுவினரோடு தில்லிக்கு வந்தார். எழுபத்தைந்தை நெருங்கிய வயது, நலிந்த உடல். விசுவபாரதியின் பற்றாக்குறையை நிரப்ப ஊர் ஊராகச் சென்று மேடையில் அமர்ந்துகொண்டிருந்தார். நோபல் பரிசுத் தொகையையும், வங்க நூல்களின் உரிமையையும் அந்நிறுவனத்துக்கு முன்னரே கொடுத்துவிட்டவர் அவர். அப்போது தில்லியிலிருந்த காந்தியடிகள் மனம் வருந்தி, எவ்வளவு குறைகிறது என்று கேட்டார். 60,000 ரூபாய் என்று அறிந்ததும், அத்தொகையைத் திரட்டி அனுப்பி, பயணத்தை நிறுத்திக்கொள்ளுமாறு வேண்டினார். தொகை பிர்லா வழங்கியது என்பர். கவிஞர் எஞ்சிய பயணத்தை விடுத்துத் திரும்பினார்.

இந்நிகழ்ச்சியைச் சொல்வோர் காந்தியடிகளின் அன்பைப் பாராட்டுவர், பாராட்டத்தக்கதே. எனக்கோ வேறொரு வேதனை. காசியில் ஒருவர் பேச, ஒருவர் தலைமை தாங்க, ஒருவர் கணக்கெழுத, சுமை நான்கு தோள்களில் ஏறியது. சாந்திநிகேதனத்தில் அறிஞர்களுக்கும் கலைஞர்களுக்கும் குறைவில்லை. ஆயினும் கேட்கும் சுமை முதியவர் ஒருவர் தோளிலேயே தங்கிவிட்டது. 1940-இல் அவர் காந்தியடிகளுக்கு எழுதி, தமக்குப்பின் விசுவபாரதியைக் காத்தருளுமாறு வேண்டிக்கொண்டார்; அடுத்த ஆண்டு மறைந்தார். விடுதலைக்குப்பின் 1951-இல் அது மையப் பல்கலைக்கழகமாயிற்று. அதற்குள் கடந்த ஆண்டுகளில் அந்நிறுவனத்தைக் காத்தவர்கள் பட்ட துன்பம் சிறிதன்று.

இக்கட்டுரையின் முதற்படியை, எங்கள் குடியிருப்பில் வாழும் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். கரோல்பாக்கில் தமிழர் வீடுகள் நெருங்கியிருந்த நாளிலிருந்து சங்கப் பணியில் தோய்ந்தவர். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “எல்லாம் சரி தம்பி. அந்த ரசீதுப் புத்தகத்தில் முதல் தாளில் யார் பெயர் இருக்கிறது?” என்று கேட்டார்.

“யார் பெயரும் இல்லை, சார். நான் யாரிடமும் போகவில்லையே.”

“போவதற்கு முன்னால் எழுதவேண்டிய பெயரைக் கேட்கிறேன்.”

நான் விடை சொல்லவில்லை. அரங்க நிதி இன்னும் மூடப்படவில்லை. மறுநாள் பொருளாளரைத் தொலைபேசியில் அழைத்து, பழைய வரிசை எண்ணுள்ள புத்தகம் இன்னும் செல்லுமா என்று கேட்டேன். செல்லும் என்றார், அது காணாமற்போனதாகக் கருதிப் பதிவேட்டில் குறித்துவிட்டதாகவும், குறிப்பை அடித்துவிடுவதாகவும் சொன்னார். அன்றிரவு இல்லத்தாரோடு கலந்து பேசி, எங்கள் நிலைக்குச் சற்று மிஞ்சிய தொகையொன்றை முதல் தாளில் எழுதினேன். என் பெயரையே நான் எழுதி, என் கையொப்பத்தையே நான் இட்டு, தாளைக் கிழித்து என் மனைவியிடம் கொடுத்தபோது, “எனக்கு எதற்கு?” என்று அவள் சிரித்தாள்.

ஞாயிறன்று பெரியவரும் நானும் இராமகிருஷ்ணபுரம் அரசுக் குடியிருப்பில் மாடிப்படி ஏறினோம். முதல் வாசலில் மணியை அழுத்தக் கை எழவில்லை, அவர்தாம் அழுத்தினார். உள்ளே போனதும் அவர் பேசவில்லை. என்னைப் பார்த்தார். நான் ஏதோ சொன்னேன். அடிக்கட்டையைத் திறந்து முதல் பெயரைக் காட்டினேன். வீட்டுக்காரர் அதனைப் படித்துவிட்டு, உள்ளே போய்ப் பணம் எடுத்துவந்தார். இரண்டாம் வீட்டில் காப்பி கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை. மாலை இருட்டுவதற்குள் ஏழு தாள்கள் கிழிந்திருந்தன. கடைசி வீட்டுக்காரர், மகள் திருமணம் முடியட்டும், தைமாதம் வாருங்கள் என்றார். பெரியவர் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, எட்டாம் அடிக்கட்டையில் கதவு எண்ணையும் ‘தை’ என்பதையும் குறித்து, புத்தகத்தை என்னிடம் தந்தார்.